பம்ப் இல்லாத வண்டி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். கீழ்த்தளத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே உண்டாகிற நீராவிதான் குழாய் வழியாக மேலே ஏறி, வார்டுகளின் விரிப்புகளையெல்லாம் வெளுத்துக் காயவைத்துத் தேய்த்தும் கொடுத்தது. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தியிடம், "கீழே கொஞ்சம் இருட்டா இருக்கும், பயப்படாதே, ஆவியக்கா இருப்பாங்க" என்று யாரோ சொல்லப்போக, அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பது ஆவியக்காவேதான்.

அடக்கமான ஆள் என்று அவளைச் சொல்ல முடியாது. துணி மடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். கொதிகலன் இயக்குவதற்கான பரீட்சையை எழுதித் தோற்றாள், மறுபடி எழுதித் தேறினாள். சான்றிதழை வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படத்துக்கும் மேலே ஆணியடித்து மாட்டினாள். "கல்யாணம் எல்லாருக்குந்தான் ஆகுது" என்று அதற்கு விளக்கமும் சொன்னாள். கணவர் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்தரியைப் போலவே பேச்சையும் அளந்து பார்த்துத்தான் எடுப்பார். கோணலாக இருந்த கல்யாணப் படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. கொதிகலன் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் பாராட்டு மேல்மாடிக்குப் போகும். நீராவி குறைந்தால் மட்டும் எல்லோருக்கும் கீழ்த்தளத்துக்கு வழி தெரிந்துவிடும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை, அதற்குள் ஒரு கார். அவளுடைய மாமனார், ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியது. மாமனார் பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்த வண்டி. உயரமான கறுப்புக் கூடு, மரக் கம்பிகள் வைத்த சக்கரங்கள், முழித்துப் பார்க்கிற இரண்டு விளக்குகள். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஓட்டினால் கடைத்தெரு முனை வரைக்கும் போகும், அங்கே நின்று புஸ்ஸென்று ஆவி விடும். தெருக்காரர்கள் அதற்கு வெந்நீர் வண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "குளிக்கணும், ஒரு வாளி கிடைக்குமா?" என்று எதிர்வீட்டுக்காரர் மாமனாரைக் கேட்காத நாள் கிடையாது.

பார்த்த மெக்கானிக் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்ப்பை எவனோ கழற்றி விற்றுவிட்டான். ஒருவர் பாட்டரியில் ஓடுகிற பம்ப் ஒன்றை நடுவில் பொருத்திக் கொடுத்தார். அடுத்தவர் குழாய்க்குள் தானாகத் திறந்து மூடுகிற வால்வு ஒன்றை வைத்தார். மூன்றாமவர், அகலமான ரப்பர் குழாய் கிடைக்கவில்லையென்று சின்னக் குழாயைப் போட்டு, இடைவெளியைப் பட்டை சுற்றி அடைத்தார். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் வண்டி முன்னைவிடச் சீக்கிரமாகக் கொதித்தது. மாமனார் காலமான பிறகு அதன்மேல் பழைய மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் குடியேறின.

கணவருடைய தங்கை ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவள். கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் திரும்பி வந்து மாடி அறையில் இருந்தாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒட்டுதல் என்றும் சொல்ல முடியாது. ஒருத்தி சமைத்தால் இன்னொருத்தி பாத்திரம் கழுவுவாள். பேச்சு அதற்கு மேல் நீளாது. ஒருநாள் நாத்தனார் கூடத்துக்கு நடுவில் நின்று சொன்னாள்:

"கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவளோட வண்டி வெயில்ல நிக்குது. ஓடாத வண்டி நிழல்ல நிக்குது. இது நல்லாவா இருக்கு? நான் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன்."

கட்டிங் மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி பருப்பைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வண்டிமேல் தனியாகப் பாசம் எதுவும் இருக்கவில்லை.

இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். மெத்தைகளை இறக்கி, தூசியைத் தட்டி, பானெட்டை ஓரமாகத் தூக்கிக் காட்டினார்கள். தூசிக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஆவியக்கா, மூக்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். எஞ்சினின் தலையிலிருந்து ஒரு பித்தளைக் குழாய், அவள் முழங்கை மொத்தம் இருக்கும், சாய்வாக மேல்நோக்கிப் போய் ரேடியேட்டரின் உச்சியில் சேர்ந்தது. ரேடியேட்டரின் அடியிலிருந்து அதே மொத்தத்தில் இன்னொரு குழாய் எஞ்சினின் கால்மாட்டுக்கு வந்தது. விரலால் அந்தச் சாய்வைத் தடவிப் பார்த்தாள்.

"இதை எடுத்துட்டுப் போகாதீங்க" என்றாள்.

"ஏன் அண்ணி?"

"இதுல பம்ப் தொலையவே இல்ல. இந்த வண்டிக்குப் பம்ப்பே கிடையாது."

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டாள். "பம்ப் இல்லாம தண்ணி எப்படிச் சுத்தும்?"

"எங்க பழைய கட்டடத்துல வெந்நீர் எப்படி வார்டுக்குப் போகுதோ அப்படித்தான். தண்ணி சூடானா லேசாகி மேல போகும். ஆறினா கனமாகிக் கீழ வரும். சூடானது இந்தக் குழாய்ல ஏறிப் போய் ரேடியேட்டர்ல ஆறி, அடியில இறங்கித் திரும்ப வருது. எஞ்சின் சூடாகச் சூடாகத் தண்ணி இன்னும் வேகமா ஓடும். யாரும் தள்ள வேண்டாம். அதுக்குத்தான் இவ்வளவு பெரிய குழாய், இவ்வளவு சாய்வு. இதைப் பண்ணினவன் சாதாரண ஆள் இல்லம்மா."

"அப்படின்னா இத்தனை வருஷம் ஏன் கொதிச்சுது?"

"வழியில ஆளுக்கொரு கதவு வச்சு அடைச்சுட்டாங்களே, பின்ன கொதிக்காம என்ன பண்ணும்?"

நாத்தனார் கட்டிய கையை அவிழ்த்தாள். "மழைக்காலம் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள ஓடலைன்னா கொட்டகை எனக்கு." இரும்புக்காரர் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார்.

அன்றைக்குப் பிடித்த பிடியை ஆவியக்கா விடவில்லை. வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவாமல் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவாள். எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை, சேர்த்ததையெல்லாம் எடுத்தாள். பாட்டரி பம்ப் போயிற்று, வால்வு போயிற்று, பட்டை சுற்றிய குழாயும் போயிற்று. எஞ்சினுக்குள் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தபோது, சட்டியில் அடிப்பிடித்த மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தது. அது அவளுக்கு அன்றாடம் பார்க்கிற சங்கதி. கொதிகலனைக் கழுவுகிற மருந்தை நீர்க்கக் கலந்து ஊற்றி ஊறவைத்து, வெள்ளைக் குழம்பாக வெளியே வடித்தாள். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள். அகலமான ரப்பர் குழாய்க்கு எங்கும் அலையவில்லை. சலவை இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய், வெந்நீரைத் தாங்குகிற ஜாதி, அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. பழசை மாற்றும்போது தூக்கிப் போட இருந்த துண்டு அது. மேற்பார்வையாளரைக் கேட்டு வாங்கி வந்தாள்.

எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிய அன்று, "அண்ணி, எண்ணெய் பம்ப்பாவது இருக்கா?" என்று கிண்டலாகக் கேட்டுக்கொண்டே நாத்தனார் வந்தாள்.

"வா, நீயே பாரு."

இருவரும் சாக்கு விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார்கள். ஒவ்வொரு பிஸ்டன் தண்டின் நுனியிலும் கட்டைவிரல் அளவில் ஒரு கரண்டி. கழற்றிக் கீழே வைத்த அடித்தட்டில், ஒவ்வொரு கரண்டிக்கும் நேரே எண்ணெய் நிற்க ஒரு குட்டித் தொட்டி. தண்டு சுற்றும்போதெல்லாம் கரண்டி எண்ணெயை மொண்டு மேலே வீசும். வீசிய எண்ணெய் சுவரெல்லாம் தெறித்து, வேண்டிய இடத்தையெல்லாம் நனைத்துவிட்டுத் திரும்பித் தொட்டியில் சொட்டும். பக்கத்துச் சுவரில் ஒரு புனல் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினோடு சேர்ந்து பின்னால் சுழல்கிற பெரிய சக்கரம் வாரியடிக்கிற எண்ணெயைப் பிடித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக முன்பக்கத்துக்கு அனுப்புவதற்கு.

"பந்தியில பரிமாறுற மாதிரி இல்ல இருக்கு" என்றாள் நாத்தனார்.

"சரி, ஏன் தனித்தனித் தொட்டி? ஒரே தட்டா வச்சிருக்கலாமே?" என்று சோதித்தாள் ஆவியக்கா.

நாத்தனார் ஓட்டுகிறவள். ஒரு கணம்தான் எடுத்துக்கொண்டாள். "மேடு ஏறும்போது எண்ணெய் எல்லாம் பின்னால ஓடிரும். தொட்டி இருந்தா அவங்கவங்க பங்கு அங்கங்கயே நிக்கும்."

"அதேதான். எனக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆச்சு" என்றாள் ஆவியக்கா. அது பொய். அவளுக்கும் பார்த்ததும் புரிந்திருந்தது. ஆனால் அப்படிச் சொன்னதற்குப் பிறகு நாத்தனார் தினமும் கொட்டகைக்கு வந்தாள்.

கிளப்புவது நாத்தனார் பங்கு. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கம்பி இருந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. முதல் தடவை சுற்றியபோது கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பி அடித்து, அவள் மணிக்கட்டு வீங்கியது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்து யோசித்தவள், அந்தக் கம்பி எதற்கென்று தானே கண்டுபிடித்தாள். தீப்பொறி முன்கூட்டியே விழுவதா, சற்றுப் பிந்தி விழுவதா என்பதை ஓட்டுகிறவரே அதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். கிளப்பும்போது பிந்தி விழ வைக்க வேண்டும், வேகம் எடுத்த பிறகு முந்த விட வேண்டும். "இந்தக் காலத்து வண்டி இதையெல்லாம் நம்மகிட்ட கேக்கிறதே இல்ல, அண்ணி. இவன் மரியாதை தெரிஞ்சவன், எல்லாத்தையும் கேட்டுத்தான் செய்றான்" என்றாள்.

மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வண்டியை வெளியே எடுத்தார்கள். கடைத்தெரு முனை வந்தது, போயிற்று. பஸ் நிலையம் வந்தது. நாத்தனார் இன்னும் ஓட்டினாள். ஊர் எல்லையில் நிறுத்தி, இருவரும் இறங்கிப்போய் ரேடியேட்டரின் தலையில் கையை வைத்தார்கள். சூடாக இருந்தது. கொதிக்கவில்லை. கீழ்க்குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புத்தான். நாத்தனார் கையை எடுக்கவில்லை. "அப்பா இதைப் பார்த்திருக்கணும்" என்றாள் கடைசியில். ஆவியக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த கை, ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது.

அந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து வருஷத்துக்கொரு தடவை மலைமேல் இருக்கிற அணைக்கட்டுக்கு ஓட்டிப் போவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர், நல்ல மனிதர். வெந்நீர் வண்டி வரப்போகிறது என்று கேட்டதும் வீட்டுக்கே வந்து பார்த்தார், அகலக் குழாயைக் காட்டச் சொல்லி வாய்பிளந்து கேட்டார். போகும்போது, "மலை செங்குத்து. நடுவுல நின்னுட்டா கவலைப்படாதீங்க, கயிறு போட்டு இழுக்க என் ஜீப் பின்னாலேயே வரும். ஆனா கயித்துல வந்தா ஏறினதா கணக்கில்ல" என்று சிரித்தார்.

காலையில் வரிசையாகப் புறப்பட்டார்கள். பளபளப்பான வண்டிகளுக்கு நடுவில் இவர்களுடையதுதான் வயதில் மூத்தது. நாத்தனார் ஓட்டினாள், ஆவியக்கா பக்கத்தில். கட்டிங் மாஸ்டர் பஸ்ஸில் முன்னாலேயே அணைக்குப் போய்விட்டார். பாதி மலையில் இரண்டு வண்டிகள் ஆவி விட்டு ஓரம் கட்டியிருந்தன. அவற்றைக் கடந்தபோது ஆவியக்கா கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

கடைசி வளைவுக்கு மேலே பாதை சுவர் மாதிரி எழுந்து நின்றது. அதில் பாதி தூரம் ஏறியதும் எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது. நாத்தனார் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டாள். மேலே அணைச் சுவரில் சாய்ந்து நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே ஜீப்பிலிருந்து கயிற்றோடு ஒருவர் இறங்கினார்.

ஆவியக்கா குதித்து ஓடிப்போய் முதலில் ரேடியேட்டரைத் தொட்டாள். குறை சொல்ல முடியாத சூடு. பானெட்டைத் தூக்கினாள். கார்புரேட்டருக்கு முன்னால், பெட்ரோலில் வருகிற கசடு தங்க ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அது காலி.

"பெட்ரோல் வரல."

"டாங்க்ல பாதி இருக்கே, காலையில நானே குச்சி விட்டுப் பார்த்தேன்."

ஆவியக்கா வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். டாங்க் ஓட்டுகிறவரின் இருக்கைக்கடியில் இருந்தது. அதற்கும் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் கனத்தில் தானே இறங்கி எஞ்சினுக்குப் போக வேண்டும். இப்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, எஞ்சின் மேலே, டாங்க் கீழே.

"தொட்டி கீழ, குழாய் மேல. தண்ணி மாடிக்கு வராத கதைதான். பெட்ரோல் எப்படி ஏறும்?"

நாத்தனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே திரும்பிக் கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள். பிறகு, சாப்பாட்டுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "அப்போ வண்டியைத் திருப்பிரலாம். மூக்கு கீழ, டாங்க் மேல. ரிவர்ஸ்ல ஏத்திடறேன்."

"இந்த மேட்டுலயா?"

"அண்ணி, ஊர்ல பாதிப் பேருக்கு ரிவர்ஸ் கத்துக்கொடுத்தவ நான். இதுல இருக்கிற கியர்லயே ரிவர்ஸ்தான் பலமானது, அதுவும் தெரியுமில்ல?"

தெரியும். ஆவியக்காவுக்கு வேறொரு கவலை வந்தது. மூக்கு கீழே போனால் ரேடியேட்டரும் தாழ்ந்துபோகும். மேலே போகிற சூடான தண்ணீருக்கு அந்தச் சாய்வுதானே வழி? சாய்வு போய்விட்டால் தண்ணீர் சுற்றாமல் நின்றுவிடும், நின்றால் கொதிக்கும். அதைச் சொன்னாள். நாத்தனார் கேட்டாள், "எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாது. நான் குழாய்மேல கை வச்சுக்கிட்டே கூட வரேன். நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடணும்."

கயிற்றுக்காரரைக் கையமர்த்திவிட்டு, வண்டியைத் தானாகவே பின்னால் உருளவிட்டு, வளைவில் இருந்த அகலமான இடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே திருப்பினார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் மெல்ல ஏறி விளிம்பைத் தொட்டதைப் பார்த்ததும் ஆவியக்காவுக்கு உயிர் வந்தது. ஒருபக்கப் பானெட்டைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தாள். எண்ணெயைப் பற்றிக் கவலை இல்லை, தொட்டிகள் பார்த்துக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றியவளும் அவள்தான். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

நாத்தனார் இருக்கையில் பக்கவாட்டாகத் திரும்பி, கழுத்தைப் பின்னால் நீட்டி, ஒற்றைக் கையால் ஓட்டத் தொடங்கினாள். ஆவியக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாய்மேல் உள்ளங்கையைப் பதித்தபடி கூடவே நடந்தாள். வண்டி பின்பக்கத்தை முன்னால் நீட்டி, அடிமேல் அடி வைத்து ஏறியது. முதலில் மேலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது, எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

குழாயின் சூடு கூடிக்கொண்டே வந்தது. உள்ளங்கையை வைக்க முடியாமல் விரல் நுனியை வைத்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டி வைத்தாள். இத்தனை வருஷமாக அழுத்தமானியைப் பார்க்காமல் காதாலேயே நீராவியை அளந்த பழக்கம் அவளுக்கு. எஞ்சினுக்குள்ளே தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பிப்பது கேட்டது. முணுமுணுப்பு வேறு, கொதிப்பு வேறு. முணுமுணுத்தால் போகலாம்.

"அண்ணி, நிறுத்தவா?"

"போ."

"கொதிக்குதா?"

"பேசிக்கிட்டிருக்கு. நீ போ."

மூடியோரம் நூல் மாதிரி ஆவி கிளம்பிய நேரத்தில் பின்சக்கரங்கள் சமதரையைத் தொட்டன. வண்டி தன் முழு நீளத்துக்கும் மேலே ஏறி, அணைச் சுவரின் நிழலில் வந்து நின்றது. தரை சமமானதும் தண்ணீர் பழைய வழியைப் பிடித்துக்கொண்டது. அவள் காதில் முணுமுணுப்பு தணிந்தது, ஆவி நின்றது. அப்புறம்தான் அவள் நிமிர்ந்தாள்.

அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் ஓடிவந்து, நாத்தனார் இறங்குவதற்குக் கதவைத் திறந்து பிடித்தார். "இந்த மலையில ரிவர்ஸ்ல ஏறின வண்டி இதுதான் முதல்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கட்டிங் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மனைவியின் சிவந்த விரல்களைப் பிடித்துப் பார்த்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவற்றின்மேல் ஊற்றினார். ஒருத்தர் எப்படி ஏறினீர்கள் என்று கேட்டார். ஆவியக்கா சொன்னாள். இன்னொருத்தர் வந்து கேட்டார், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். நாத்தனார் வண்டியின் ஏறுபடியில் உட்கார்ந்து, தன் பங்கு வரும் இடத்தில் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "ரிவர்ஸ்ல ஏத்தலாம்னு சொன்னது யாரு தெரியுமா? இவதான். என் நாத்தனார்" என்று ஆவியக்கா ஒவ்வொரு தடவையும் அவள் தோளைப் பிடித்துக் காட்டினாள்.

கொட்டகை பிறகு இரண்டு வண்டிக்கும் போதுமான அகலத்துக்கு விரிந்தது. ஆவியக்கா நாத்தனாரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மற்ற மாணவர்களுக்கு ரிவர்ஸ் கடைசிப் பாடம். அவளுக்கு அதுதான் முதல் பாடமாக இருந்தது.

உரிமம் கைக்கு வந்த மாதத்தில் ஒரு விடுமுறை நாள், சலவைக்கூடத்துப் பெண்களை வண்டி கொள்ளும் மட்டும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். நாத்தனார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் குழாயைப் பற்றியும் கரண்டிகளைப் பற்றியும் ஆவியக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வளைவு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, எல்லோரையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அகலமான இடத்தில் திருப்பினாள். கழுத்தைப் பின்னால் வளைத்து, சீராக ஏற்றத் தொடங்கினாள். மலையேறுகிறவர்களுக்கு முதுகுப்பக்கம் போய்விடுகிற ஊர், அந்தப் பெண்களுக்கு நேர் எதிரே விரிந்துகொண்டே வந்தது. முதலில் கூரைகள், பிறகு கடைத்தெரு, பிறகு ஆஸ்பத்திரியின் புகைபோக்கி. "அதோ நம்ம கொதிகலன்" என்று பின்னாலிருந்து ஒருத்தி கைநீட்டினாள்.

"என்னால திரும்பிப் பார்க்க முடியாது. நீங்க நல்லாப் பாருங்க" என்றாள் ஆவியக்கா. வண்டியை நிறுத்தாமல் மேலே கொண்டு போனாள்.